கோள்களைப் பற்றிய படங்களில் எவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்?

ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 8, 9 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்: விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை பூமியையும் மற்றக் கோள்களையும் பற்றிய படமோ தொலைக்காட்சித் தொடரோ ஒன்றைக் காட்ட விரும்புகிறேன், எவற்றை நம்பிக் காட்டலாம், எவற்றில் பொய் கலந்திருக்கிறது, ஆங்கிலம் விளங்காத பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

டீச்சர், ஒரு பட்டியலை எழுதி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்துவிடும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே மலைகளில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டியலைப் பார்த்துப் படம் போட்டால் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் தூங்கிவிடுவார்கள். எதைப் பார்க்கச் சொல்லிக் காட்டுகிறோம் என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

வேற்றுக் கோள்களைக் காட்டும் கதைப்படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றின் தவறுகளோ பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. படம் எடுப்பவர்கள் நடிகர்களோடும் கமராவோடும் பூமியின் காற்றையும் பூமியின் நிறையையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டுபோய் அந்தக் கோளில் இறக்கிவிடுகிறார்கள். அந்த மூட்டை எங்கே அவிழ்கிறது என்று கண்டுபிடிப்பதையே பிள்ளைகளுக்கு வேலையாகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்துவிட்டால் பிழையுள்ள படமும் நல்ல பாடமாகிவிடும். பிழையே இல்லாத படத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

காற்றிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் நம் பிள்ளைகளுக்குக் கொழும்புப் பிள்ளைகளைவிட அனுபவம் அதிகம். கொழும்பிலிருந்து வாங்கிவந்த சிப்ஸ் பொதி நானுஓயாவைத் தாண்டும்போது பலூன் போல உப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்காத பிள்ளை மலையகத்தில் இருக்காது. பொதிக்குள் அடைபட்டிருப்பது கடல்மட்டத்துக் காற்று. நுவரெலியாவோ ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே காரணத்தால்தான் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரம் எடுக்கிறது. இதை ஒரு பாடவேளையில் பேசிவிட்டு, செவ்வாயில் அமுக்கம் நமது கடல்மட்ட அமுக்கத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அங்கே அந்தப் பொதி என்னவாகும், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் என்னவாகும் என்று கேளுங்கள். பொதி வெடிக்கும் என்பதைச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் உடற்சூட்டைக்கூட எட்டாமலே கொதித்துவிடும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகு ரிட்லி ஸ்கொட் இயக்கி 2015 இல் வெளிவந்த ‘த மார்ஷியன்’ படத்தின் முதல் இருபது நிமிடங்களைப் போடலாம். ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்தில் எடுக்கப்பட்ட நிலக்காட்சிகள் அருமையாக இருக்கும். ஆனால் கதையே தொடங்குவது ஒரு புயலில்: ஆட்களைத் தூக்கி எறியும், ஏவூர்தியைச் சாய்க்கப் பார்க்கும் புயல். செவ்வாயின் வளி நமது வளியைவிட ஏறக்குறைய அறுபது மடங்கு ஐதானது. ஆகவே அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே 13 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளும். கொழுந்துக் கூடையைக்கூட அது உருட்டிவிடாது. மூலக்கதையை எழுதியவரே, கதாநாயகனைத் தனியாக விட்டுவர ஒரு காரணம் தேவைப்பட்டதால் தெரிந்தே செய்த பிழை இது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கதைக்காகத் தெரிந்து செய்த பிழைக்கும் தெரியாமல் செய்த பிழைக்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல இடம்.

அதே படத்தில் நமக்கென்றே எடுத்தது போன்ற பகுதி, கதாநாயகன் செவ்வாய் மண்ணில் உருளைக்கிழங்கு போடும் பகுதி. நான் ஒரு முறை இதைக் காட்டியபோது, வெலிமடைப் பக்கம் தோட்டம் செய்கிற ஒரு பெரியவர், தன் பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், வகுப்பின் பின்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி அப்படியே மண்ணுக்குள் புதைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. “வெட்டுன வாய் காயாம பொதைச்சா அழுகிப் போகுமே சேர். சாம்பலாவது தொட்டு வைக்க வேணாமா?” என்றார். அன்றைக்கு அந்த வகுப்பில் செவ்வாயைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகளில் மிகச் சரியானது அதுதான். வெட்டிய பரப்பில் தோல் போன்ற படை பிடிக்கச் சில நாள் ஆறவிட வேண்டும் என்பதும், கிண்டி எடுத்த புதுக் கிழங்கு உறக்கக் காலம் முடியாமல் முளைக்காது என்பதும் விதைக் கிழங்கோடு பழகிய எந்த வீட்டுக்கும் தெரியும். அவருக்கு நான் சொல்லக் கூடியதாக இருந்தது ஒன்றே: செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேற்று என்னும் உப்பு இருக்கிறது. 2008 இல் அங்கே இறங்கிய பீனிக்ஸ் கலம் அதைக் கண்டுபிடித்தது; மனித உடலுக்குத் தீங்கானது; ஆனால் தண்ணீரில் கரைவதால் மண்ணைக் கழுவி எடுக்கலாம். “அப்ப தண்ணி வேணுமே” என்றார் அவர். படத்தில் ஏவூர்தி எரிபொருளான ஐதரசீனிலிருந்து ஐதரசனைப் பிரித்து எரித்துத் தண்ணீர் உண்டாக்குகிறார்கள். இரசாயனவியல் சரிதான், வீட்டில் செய்து பார்க்கத்தான் கூடாது. பெருநாட்டில், உருளைக்கிழங்கின் தாய்மண்ணில், லீமா நகரிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் நாசாவுடன் சேர்ந்து, செவ்வாயை ஒத்த மண்ணிலும் வளியிலும் எந்த வகை முளைக்கும் என்று உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறை. திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் சோதனையில் மாற்றித்தான் எழுதுவார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தை வைத்துச் சொன்னால் ஒரே தடவையில் ஏறும். இங்கே விற்றராசில் 20 கிலோ காட்டும் கொழுந்து, செவ்வாயில் 7.6 கிலோவும் சந்திரனில் 3.3 கிலோவும்தான் காட்டும்; இலை ஒன்றுகூடக் குறையவில்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “அங்கயும் சாக்குக்கும் தண்ணிக்கும் கழிப்பாங்களா சேர்?” என்று கேட்டாள். தாயின் கூடவே நிறுவைக்குப் போய் நின்றிருக்கிற பிள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை.

செவ்வாயைக் காட்டும் கதைப்படங்களில் எல்லாரும் பூமியில் நடப்பதைப் போலவே நடப்பார்கள், ஏனென்றால் நடிகரின் நிறையைக் குறைக்க வழியில்லை. ‘அப்பல்லோ 13’ (1995) படத்தின் சில காட்சிகளுக்கு, மேலே ஏறிச் சரிந்து விழும் விமானத்துக்குள் நடிகர்களை மிதக்கவிட்டுப் படமெடுத்தார்கள், அது விதிவிலக்கு. உண்மையான நடையைக் காட்ட வேண்டுமென்றால் 2019 இல் வந்த ‘அப்பல்லோ 11’ விவரணப்படத்தைக் காட்டுங்கள். 1969 இல் எடுத்த படச்சுருள்களையும் ஒலிப்பதிவுகளையும் மட்டுமே கொண்டு தொகுத்தது, விவரிப்பாளர் என்று ஒருவர் கிடையாது. அதோடு, 1971 இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகக் கைவிட, இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும் காட்சி ஒரு நிமிடம்கூட நீளாது. பலகோடி ரூபாய்ப் படங்கள் பலவற்றைவிட அதற்கு என்னிடம் மதிப்பு அதிகம்.

ஒலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வளி இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் கேட்காது. இதைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுவார்கள். இதை மதித்த படங்களில் மூத்ததாக நான் கருதுவது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. அது வந்தது 1968 ஏப்ரலில். சந்திரனில் மனிதன் கால்வைக்க இன்னும் பதினைந்து மாதங்கள் இருந்தன. அதில் பூமி வெளிறிப்போய், வெண்மையும் இளநீலமுமாகத் தெரியும். சந்திரனின் விளிம்புக்கு மேலே பூமி எழும் புகழ்பெற்ற வண்ணப் படத்தை அப்பல்லோ 8 வீரர்கள் எடுத்ததே அந்த ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதிதான் என்பதை நினைத்துப் பார்த்தால், படக்குழு எவ்வளவு இருட்டில் தடவிச் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்பது புரியும்.

அந்தப் படத்தின் கதையைக் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 இலிருந்து 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். பூமியைச் சுற்றிவந்தும் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதாகத் தோன்றும் செய்மதிகளைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இலேயே எழுதியவரும் அவரே. லயத்துக் கூரைகளில் டிஷ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் செய்மதிகளை நோக்கித்தான். நமக்கு இன்னும் நெருக்கமானது 1979 இல் அவர் எழுதிய நாவல். பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அந்தச் சுற்றுப்பாதைவரை ஒரு தூக்கியை, அதாவது லிஃப்டை, அமைப்பதுதான் கதை. அதன் அடிவாரமாக அவர் தேர்ந்த மலை, பெயரை மாற்றியிருந்தாலும், நம் சிவனொளிபாத மலை. இப்படியொரு தூக்கியின் அடி பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. ஆகவே கதைக்காகத் தீவையே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டதாக அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். மேலே சொன்ன தெரிந்து செய்த பிழைக்கு இதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) பெரிய வகுப்புகளுக்கானது. ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு ஆண்டுகளுக்குச் சமமாகும் நீர்க்கோள் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் போடலாம். கருந்துளைக்கு அருகே நேரம் மெதுவாக ஓடும் என்பது சார்பியல் சொல்வது. பௌதிகவியலாளர் கிப் தோர்ன் அந்தப் படத்தின் ஆலோசகராக இருந்து கணித்துக் கொடுத்தது. கணுக்காலளவு தண்ணீரில் மலையளவு அலை எழுவதற்கும் கருந்துளையின் ஈர்ப்பே காரணம். நம் கடலில் சந்திரன் செய்வதைத்தான் அது அங்கே பெரிதாகச் செய்கிறது. ஆனால் இன்னொரு கோளில் பனிக்கட்டி மேகங்கள் பாறைபோல் வானத்தில் தொங்குவதைக் காட்டுவார்கள்; பனிக்கட்டி அப்படித் தன் நிறையைத் தாங்கி நிற்காது. ‘கிராவிட்டி’ (2013) அழகான படம்தான், ஆனால் ஹபிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தாவிப் போய்விடலாம் என்பது நடவாத காரியம்: இரண்டும் வேறு வேறு உயரங்களில், வேறு வேறு சாய்வுகளில் சுற்றுகின்றன.

பழைய படங்களை ஒதுக்காதீர்கள். 1962 இல் சோவியத் ஒன்றியத்தில் எடுத்த ஒரு படத்தில் வெள்ளிக் கோளில் இறங்குபவர்கள் சதுப்பு நிலத்தையும் டைனோசர் போன்ற விலங்குகளையும் சந்திப்பார்கள். மேகத்தால் மூடிய கோள் என்றால் கீழே மழையும் காடும் இருக்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். மூடுபனியில் வாழும் நமக்கும் அந்த நினைப்பு இயல்பாகவே வரும். அதே ஆண்டு டிசம்பரில் மரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்துபோய் அது கொதிக்கும் கோள் என்று காட்டிவிட்டது. இன்று நமக்குத் தெரியும், அதன் தரையில் வெப்பநிலை ஏறக்குறைய 465 பாகை செல்சியஸ், அமுக்கம் நமதைப் போல் தொண்ணூறு மடங்குக்கு மேல்; 1982 இல் அங்கே இறங்கி வண்ணப் படங்களை அனுப்பிய வெனேரா 13 இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் உயிரோடிருந்தது. காபனீரொட்சைட்டு ஒரு கோளை என்ன செய்யும் என்ற பாடத்துக்கு அந்தப் படத்தையும் இந்தப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உலகம் அழியும் படங்களில் மட்டும் நான் உங்களைத் தடுப்பேன். ‘2012’ என்ற 2009 ஆம் ஆண்டுப் படமும், பூமியின் மையத்துக்கே குடைந்துகொண்டு போகும் ‘த கோர்’ (2003) படமும் விஞ்ஞானமாகத் தேறாதவை என்பது சிறிய காரணம். மனிதன் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளையே ஏறக்குறைய 12 கிலோமீற்றர்தான், மையமோ 6,371 கிலோமீற்றர் கீழே. பெரிய காரணம் வேறு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடு முழுவதும் எத்தனை சரிவுகளைக் கொண்டுவந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நிலம் பிளந்து வீடுகள் விழுவதைக் கேளிக்கையாகப் பார்க்கும் நிலையில் நம் பிள்ளைகள் எல்லாரும் இல்லை. சிறுகோள் மோதும் கதை வேண்டுமென்றால் கதையை விட்டுவிட்டு, 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டைமோர்ஃபொஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அது தன் பெரிய துணையைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் குறைத்ததைக் காட்டுங்கள். மோதும் கணம்வரை கமரா அனுப்பிய படங்கள் இருக்கின்றன. கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

தமிழ்ப் படங்களைப் பற்றியும் கேட்பார்கள். 1963 இல் வெளிவந்த ‘கலை அரசி’யில், விஞ்ஞானத்தில் முன்னேறி இசை தெரியாமல் போன ஒரு கோளின் மக்கள் இசை கற்பதற்காகப் பூமிப் பெண்ணைக் கடத்திப் போவார்கள், கதாநாயகன் எம்.ஜி.ஆர்., அவர் பிறந்ததோ நமது நாவலப்பிட்டி. விஞ்ஞானம் அதில் தேட வேண்டாம், கற்பனையைப் பாருங்கள். ‘டிக் டிக் டிக்’ (2018), ‘அயலான்’ (2024) இரண்டையும் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். மூட்டை எங்கே அவிழ்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், நீளமான பட்டியல் வரும்.

தொடர்களில் என் முதல் தெரிவு கார்ல் சேகனின் ‘கொஸ்மொஸ்’, 1980, பதின்மூன்று பகுதிகள். 2014 இல் வந்த புதிய தொடரில் படங்கள் பளபளக்கும், ஆனால் பேச்சில் அந்த நிதானம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பத்தாம் பகுதியில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருவார். பொங்கலும் நடராசர் சிலையும் வரும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தொடர் பழையது என்பதால் சிலவற்றை நீங்கள் திருத்திச் சொல்ல வேண்டும்: அப்போது புளூட்டோ கோள், சூரியனை ஒத்த வேறு உடுவைச் சுற்றும் கோள் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை, அது 1995 இல்தான் நடந்தது. பிரையன் கொக்ஸ் வழங்கிய பிபிசியின் ‘த பிளனெட்ஸ்’ (2019) ஐந்தே பகுதிகள். ஞாயிற்றுத் தொகுதி பாடத்துக்கு அப்படியே பொருந்தும். பூமிக்கு அட்டன்பரோ விவரித்த ‘பிளனெட் ஏர்த்’ (2006) போதும். இலங்கையையே திரையில் பார்க்க ஆசைப்பட்டால் பொலன்னறுவையில் குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து எடுத்த ‘மங்கி கிங்டம்’ (2015) இருக்கிறது.

விவரணப்படம் என்றால் எல்லாம் உண்மை என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. விலங்குகளைக் காட்டும் படங்களில் தூரத்திலிருந்து எடுத்த காட்சிக்குக் காலடிச் சத்தத்தையும் இரை கடிக்கும் சத்தத்தையும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்ப்பது வழக்கம். கோள்களைக் காட்டும் படங்களில் பாதிக்கு மேல் கணினியில் வரைந்தவை. கமரா கோளுக்கு மேலே வழுக்கிக்கொண்டு பறந்தால் அது பெரும்பாலும் வரைந்த படமே. உண்மையானவை சற்று மங்கலாக, அசையாமல், சில வேளை கறுப்பு வெள்ளையாக இருக்கும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்கி அனுப்பிய உருண்டைக் கற்களின் படம், செவ்வாயில் நீல ஒளிசூழ மறையும் சூரியன், 2021 இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தி பதிவுசெய்த செவ்வாய்க் காற்றின் அடங்கிய சத்தம், இவை எல்லாம் நாசாவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, டேட்டாவும் அதிகம் போகாது.

கடைசியாக மொழி. தமிழ் ஒலிப்பதிவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு நீங்களே கதை சொல்லுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடவிடாதீர்கள். ‘2001’ க்கு அந்தச் சிரமமும் இல்லை: முதல் இருபத்தைந்து நிமிடங்களில் ஒரு வசனம்கூடக் கிடையாது, கடைசி இருபது நிமிடங்களிலும் அப்படியே. முடிந்தால் அதைச் சிவனொளிபாத யாத்திரைப் பருவத்தில், ஒரு மாலையில், கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போடுங்கள், பெற்றோரையும் கூப்பிடுங்கள். முடிந்து வெளியே வரும்போது மூடுபனி இல்லாவிட்டால் மஸ்கெலியாப் பக்கம் மலையுச்சிவரை ஏறிப் போகும் விளக்கு வரிசை தெரியும். தூக்கியின் கதையை அங்கே நின்று சொல்லுங்கள்.